இரங்கல் கூட்டம் முடிந்த பிறகு: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 மே 6 அன்று டெக்சாஸின் ஆலன் நகரில் ஒரு விற்பனை வளாகத்தில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் என்று நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் வட்டாரம் அது. இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவரும் உண்டு. இத்தகைய கொலைகளுக்குப் பின் இரங்கல் அறிக்கை விடுகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம், நிதி திரட்டுகிறோம். இவற்றில் எனக்குக் குறையேதுமில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் ஒரு பேச்சு, “இவ்வளவு நடந்த பிறகும் துப்பாக்கி லாபியை இனி யார் ஆதரிப்பார்கள்?” என்பது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி லாபியின் முதன்மை அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) இனித் தலையெடுக்காது என்று பலரும் எழுதினார்கள். ஒரே வாரத்தில் அதன் நிர்வாகத் துணைத் தலைவர் வேய்ன் லாபியர் செய்தியாளர்கள் முன் தோன்றி, துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவன் ஒருவனால்தான் முடியும் என்றார். சில வாரங்களுக்குள் ஒரு லட்சம் புதிய உறுப்பினர்கள் சேர்ந்ததாகவும், அடுத்த மே மாத மாநாட்டில் மொத்தம் 50 லட்சத்தை எட்டிவிட்டதாகவும் அச்சங்கம் அறிவித்தது. அந்த எண்ணிக்கைகள் அவர்களே சொல்பவை, ஆகவே சற்றுத் தள்ளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2012-இல் ஏறத்தாழ 25.6 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2013-இல் ஏறத்தாழ 34.8 கோடி டாலராக உயர்ந்தது வரிக் கணக்கில் பதிவானது.

இதன் காரணம் விளங்காத புதிரன்று. பெரிய கொலை ஒன்று நடந்ததும் புதிய கட்டுப்பாடு வரும் என்ற பேச்சு எழுகிறது. துப்பாக்கி தன் அடையாளத்தின் பகுதி என்று கருதுபவருக்கு அந்தப் பேச்சே அச்சமாகிறது. அச்சத்தோடு கடைக்கும் போகிறார், சந்தாவும் கட்டுகிறார். ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதற்கு அடுத்த மாதம், 2018 மார்ச்சில், என்.ஆர்.ஏ.வின் தேர்தல் நிதி அமைப்புக்குச் சுமார் 24 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. மாணவர்கள் நாடெங்கும் பேரணி நடத்தியதும் அதே மார்ச்சில்தான்.

எதிர்த்தரப்பின் கோபமோ அவ்வளவு நாள் நிற்பதில்லை. கடுமையான துப்பாக்கிச் சட்டம் வேண்டும் என்றவர்கள் சாண்டி ஹூக்குக்குப் பின் கேலப் கருத்துக்கணிப்பில் 58 விழுக்காடு; பத்து மாதம் கழித்து 49 விழுக்காடு. இடையில், 2013 ஏப்ரல் 17 அன்று, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா செனட்டில் 54 வாக்குகள் பெற்றும், 60 தேவைப்பட்டதால் தோற்றது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏற்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொன்ன மசோதா அது. கேள்விக்குத் தலையாட்டும் ஒன்பது பேரைவிட, அடுத்த தேர்தல்வரை மறக்காத ஒருவரைக் கண்டுதான் செனட் உறுப்பினர்கள் அஞ்சினார்கள்.

சட்டங்களின் கதை இன்னும் கசப்பானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, பெருங்கொலை நடந்த மாநிலத்தில் மறு ஆண்டு துப்பாக்கி தொடர்பான மசோதாக்கள் 15 விழுக்காடு கூடுகின்றன என்று கண்டது. ஆனால் குடியரசுக் கட்சி வசமுள்ள சட்டமன்றங்களில், கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டங்கள் நிறைவேறுவது 75 விழுக்காடு கூடுகிறதாம். 2019-இல் எல் பாசோவில் 23 பேர் இறந்த பின் எங்கள் டெக்சாஸ் 2021-இல் கொண்டுவந்தது, உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்ற சட்டம்.

என்.ஆர்.ஏ. இன்று தளர்ந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதை அதிகம் தளர்த்தியது அதன் பணப்பெட்டிதான்: தனி விமானம், விலையுயர்ந்த உடைகள் என்று தலைவர்கள் சங்கப் பணத்தைச் செலவிட்டதாக நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2020-இல் வழக்குத் தொடுத்தார், லாபியர் 2024 சனவரியில் பதவி விலகல் அறிவித்தார். அந்தத் தளர்ச்சியிலும் அதைவிடக் கடுமையான கொள்கையுடைய அமைப்புகள் இருக்கவே செய்கின்றன. ஆகவே ஓர் அமைப்பின் சரிவைக் கண்டு நிம்மதி கொள்வதற்கில்லை.

அப்படியானால் எதுவுமே பலிப்பதில்லையா? ஃபுளோரிடாவில் பலித்தது. பார்க்லேண்டுக்குப் பின் மூன்றே வாரத்தில், குடியரசுக் கட்சி ஆளுநரே, துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தலைநகர் டாலஹாசிக்கே பேருந்தில் போய், சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் சந்தித்த மாணவர்களும் பெற்றோரும் அதற்கு ஒரு பெருங்காரணம்.

டெக்சாஸில் நடந்ததையும் சொல்லவேண்டும். யுவால்டி பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் பறிகொடுத்த குடும்பங்கள், வயதை உயர்த்தும் மசோதாவுக்காக 2023 ஏப்ரலில் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் மணிக்கணக்கில் காத்திருந்து, இரவு வெகுநேரம் கழித்துச் சாட்சியம் சொன்னார்கள். மசோதா சட்டமன்றக் குழுவிலேயே கிடந்தது. ஆலன் கொலை நடந்த மறுநாளுக்கு மறுநாள், மே 8 அன்று, இரண்டு குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து வாக்களிக்க, 8-க்கு 5 என்று அது குழுவைத் தாண்டியது. ஆனால் அவையில் விவாதப் பட்டியலில் இடம்பெறுவதற்கான கெடு ஓரிரு நாளில் முடிந்துவிட, வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. அந்தக் கெடுவை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? இரங்கல் கூட்டத்துக்கு நாள் குறிப்பதில் இருந்தோம்.

சங்கம் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, அரசியலில் இறங்க முடியாது என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதி உண்மை. 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் வரும் அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. ஒரு மசோதாவைப் பற்றிக் கருத்துச் சொல்வதையும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் விளக்குவதையும் சட்டம் ஓர் அளவுவரை அனுமதிக்கிறது. அந்த அளவு எவ்வளவு என்பதை உங்கள் கணக்காளரிடமே கேட்டுவிடலாம்.

சங்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களை விலக்கவேண்டாம், பின்னணிச் சோதனையை ஏற்கும் துப்பாக்கி உரிமையாளர் ஒருவர் சட்டமன்றக் குழுமுன் வந்து பேசினால், நாம் பத்துப் பேர் பேசுவதைவிட அது எடுபடும்.

நான் கேட்பது இவ்வளவே: பொங்கல் விழாவுக்குக் குழு அமைப்பதுபோல, சட்டமன்றக் கூட்டத்தொடருக்கும் மூவர் கொண்ட குழு ஒன்றை அமையுங்கள். டெக்சாஸில் அது ஒற்றைப்படை ஆண்டுகளில் சனவரியில் தொடங்கி 140 நாள் நடக்கும். எந்த மசோதா எந்தக் குழுவில் இருக்கிறது, கெடு என்றைக்கு என்று அவர்கள் தொடர்ந்து பார்த்துச் சொல்லட்டும். விசாரணைகள் பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். ஆகவே அன்று விடுப்பு எடுத்து ஆஸ்டின் வரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றைக் கூட்டத்தொடர் தொடங்குமுன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸ் தமிழர் ஒருவர்