ஓவியப் பீரியடில் அவளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்

அன்புள்ள ஓவிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆறாம் வகுப்பு, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்துதான் படிக்கிறாள். ஓவியப் பீரியட் வந்தால் மட்டும், "நீ ரெஸ்ட் எடும்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்தும் அவள் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு ரப்பர் மேட்டின் மேல் கண்ணாடித் தாளை விரித்து, மை தீர்ந்த பேனாவைக் கையில் கொடுத்தேன். அழுத்திக் கோடு போட்டால் அது புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்படும். காபி டம்ளரைத் தடவித் தடவிப் பார்த்தாள். முதலில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம். அப்புறம் பக்கத்திலேயே, கீழே போகப் போகக் குறுகும் இரண்டு கோடுகள். "மேலேருந்து தொட்டா அப்படி, பக்கத்துல தொட்டா இப்படிம்மா" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவயதில், கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதும் போனது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டி உருவங்கள் செய்தார். 1972-ல் அங்கிருக்கும் கலைக் கல்லூரியான கலாபவனத்தின் சுவரில் டைல்களால் பெரிய சித்திரமே அமைத்தார்.

அவர் முன்பு உலகத்தைப் பார்த்தவர், உங்கள் மகள் அப்படி இல்லையே என்பீர்கள். சரி. துருக்கியின் எஷ்ரெஃப் அர்மகான் பிறவியிலேயே பார்வையற்றவர். பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தைப் பதிக்கிற எழுத்தாணியால் கோட்டை அழுத்திப் பதித்து, அதைத் தொட்டுப் பார்த்து விரலால் வண்ணம் பூசுகிறார். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதுகூட அவர் படங்களில் இருக்கிறது. அவர் வரையும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நமக்குப் பார்வைக்கென்று இருக்கும் பகுதி அவருக்கும் வேலை செய்தது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு ரப்பர் மேட், கொஞ்சம் கண்ணாடித் தாள். பூசணிக்காயை வரையச் சொன்னால் பூசணிக்காயையே அவள் மடியில் வையுங்கள். கிரேயான்களில் நிறத்தின் பெயரைப் பிரெயிலில் ஒட்டித் தருகிறேன். அவள் கையைப் பிடித்து நீங்கள் வரைந்துவிடாதீர்கள். கோணலாக வந்தாலும் அது அவள் கோடு. மற்றப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் அதற்கும் மார்க் போடுங்கள், குறையிருந்தால் சொல்லுங்கள்.

அடுத்து வாழைப்பூ வரையப் போகிறாளாம். ஒவ்வொரு மடலாக உரித்து, உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா