அலங்கார மைக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்விங் (1930, 40களின் அமெரிக்க ஜாஸ் நடன இசை) விழா ஏற்பாட்டாளர்களுக்கும் ஒலிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். சென்ற வார மேடையில் எங்கள் மூவருக்கும் தனித்தனி மைக் கொடுத்தீர்கள்; குரல்கள் கலக்காமல் கெட்டதை நீங்களும் கேட்டீர்கள். கோரிக்கை ஒன்றுதான்: மூவர் சேர்ந்து பாடும் குழுவுக்கு ஒரே மைக் கொடுங்கள்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற மூவர் குழுக்களான நியூ ஆர்லியன்ஸின் பாஸ்வெல் சகோதரிகளும், அவர்கள் வழியில் வந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் ஒரே மைக்கை நெருங்கி நின்று பாடியவர்கள். மெட்டு நடுக்குரலில், மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு நெருங்கிய குரல்கள் காற்றிலேயே கலக்க வேண்டியவை.

நீங்களோ ஆளுக்கொரு மைக் தருகிறீர்கள். ஒருவர் குரல் பக்கத்து மைக்கிலும் ஒரு நொடியின் சிறு துணுக்கு தாமதமாக நுழைகிறது. இரண்டும் சேர்ந்ததும் சில அதிர்வெண்கள் அடிபட்டு, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. போதாக்குறைக்கு, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் வேறு. வேண்டுமென்றே தணித்துப் பாடும் கீழ்க்குரலை அது தூக்கி முன்னால் நிறுத்திவிடுகிறது. அப்புறம் ஒத்திகை எதற்கு?

ஒரே மைக் என்றால், யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கால்களே பார்த்துக்கொள்ளும். மெட்டுப் பாடுபவர் 30 செ.மீ. தூரத்தில், மற்ற இருவர் 45 செ.மீ. தள்ளி. தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். தனிவரி வந்தால் ஒருவர் முன்னே, இருவர் பின்னே.

"ஃபீட்பேக் வரும்", அதாவது ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பி நுழைந்து கூவும் என்பீர்கள். மானிட்டரை (பாடுபவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரை) மைக் கேட்கும் திசையில் வைத்தால் வரத்தான் செய்யும். ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா உள்ள மைக்) முன்னும் பின்னும் கேட்கும்; பக்கவாட்டில் செவிடு. மானிட்டரும் டிரம்ஸும் அந்தப் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டர் மைக்கின் நேர்பின்னால். கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) மெல்ல ஏற்றி, எந்த அதிர்வெண் முதலில் கூவுகிறதோ அதை மட்டும் 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். டிரம்மர் குச்சிக்குப் பதில் மெல்ல ஒலிக்கும் பிரஷ் எடுக்கட்டும்.

உடை 1940 மாதிரி, கொண்டை 1940 மாதிரி, உதட்டுச்சாயம் உட்பட எல்லாவற்றுக்கும் நிபந்தனை போட்டீர்கள். புகைப்படத்துக்காகப் பழங்கால மைக் ஒன்றையும் நடுவில் நிறுத்தினீர்கள். அதன் வயர் எதிலும் செருகப்படவில்லை! பாட்டைத் தவிர எல்லாம் அந்தக் காலத்தது.

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மைக், 20 நிமிட ஒலிச் சோதனை, கம்ப்ரசர் இல்லாத ஒரு சேனல். இவ்வளவுதான் கேட்கிறோம். அடுத்த நிகழ்ச்சி நிரலை இறுதி செய்யுமுன் பதில் எழுதினால் நன்றியுடையவர்களாக இருப்போம்; மைக்கும் ஸ்டாண்டும் நாங்களே கொண்டுவரத் தயார்.

இப்படிக்கு,
மூவர் குழுப் பாடகர்கள்