அந்த போட்டோவுல இருக்கறவங்க லண்டன் சீமாட்டிங்க இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மலர்ல காந்தி ஒரு கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற போட்டோ போட்டிருந்தீங்க, சுத்தி பொம்பளைங்க கைய தூக்கிக்கிட்டு வாய் நிறைய சிரிச்சிக்கிட்டு இருப்பாங்களே அதே போட்டோதான், கீழ "லண்டன் சீமாட்டிகள் மத்தியில் மகாத்மா"ன்னு எழுதியிருந்துச்சு. படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு. ஐயா, அது லண்டனும் இல்ல, அவங்க சீமாட்டியும் இல்ல. அது டார்வென். வட இங்கிலாந்துல, லங்காஷயர்ல பிளாக்பர்ன் பக்கத்துல மலையடிவாரத்துல இருக்கற ஒரு சின்ன ஊரு, நான் 11 வருஷமா குடியிருக்கற ஊரு. போட்டோ எடுத்தது 1931 செப்டம்பர் 26, சனிக்கிழமை, கிரீன்பீல்ட் மில் வாசல்ல. அந்த பொம்பளைங்க எல்லாம் தறி ஓட்டுறவங்க, அதுலயும் நம்ம ஊரு அந்நியத் துணி பகிஷ்கரிப்பால அடிபட்ட தொழில்ல இருந்தவங்க. அத தெரிஞ்சுக்கிட்டு அந்த சிரிப்ப பாத்தாதான் அது எப்பேர்ப்பட்ட சிரிப்புன்னு புரியும், சீமாட்டின்னு எழுதிட்டீங்கன்னா போட்டோவுல ஒண்ணுமே இல்லாம போயிடுது.

திருத்தம் போடுங்கன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பலாம்னுதான் உக்காந்தேன், ஆனா எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியல, அதனால கொஞ்சம் பொறுத்து படிங்க.

இந்த ஊர்ல வரிசை வரிசையா கல்லு வீடு, ஒரு சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது, மில் புகை பட்டு பட்டு கருத்துப் போன கல்லு. எங்க வீடும் அப்படி ஒண்ணுதான். சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா ஒரு பெரிய புகைபோக்கி தெரியும், 300 அடி இருக்கும், 1867ல கட்டினது, இத்தாலில இருக்கற மணிக்கூண்டு மாதிரி வேலைப்பாடு. அந்த மில்லு பேரு என்ன தெரியுமா, இந்தியா மில். குடி வந்த புதுசுல எனக்கு அது என்னமோ நம்மள கிண்டல் பண்ற மாதிரி இருக்கும். அப்புறம்தான் தெரிஞ்சுது இந்த பக்கத்து ஊருங்க எல்லாம் நம்மள நம்பித்தான் சோறு தின்னுச்சுங்கன்னு. பிளாக்பர்ன் வட்டாரத்து தறிங்கள்ல ஓடினதுல நிறைய நம்ம ஊரு வேட்டி, கரை போட்டு நெய்து கட்டுக் கட்டா கப்பல் ஏறும். 1913ல இங்கிலாந்துல இருந்து வெளிநாட்டுக்கு போன பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம், அதுல கிட்டத்தட்ட 300 கோடி கஜம் இந்தியாவுக்கு மட்டும். கிளாஸ்கோ மல்லு கிளாஸ்கோ மல்லுன்னு நம்ம பெருசுங்க ஒரு மெல்லிசு துணிய சொல்லுவாங்கள்ல, அது ஸ்காட்லாந்து சரக்கு, ஆனா சாதா ஜனங்க உடுத்தின முரட்டு மில் வேட்டில எத்தனையோ இந்த பக்கத்து பொம்பளைங்க கையில நெய்தது.

சரி இப்ப எங்க வீட்டு கதைக்கு வரேன். ஒரு குளிர்கால ராத்திரி தூக்கம் வராம நம்ம வீட்டுல முன்னாடி யாரு இருந்திருப்பாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். இங்க 1841ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த ஜனத்தொகை கணக்கு வீடு வீடா, பேரு பேரா இருக்கு, நூறு வருஷம் ஆனதும் யாரு வேணாலும் பாக்கலாம். 1911 கணக்குல ஒரு விசேஷம், அதுக்கு முன்னாடி எல்லாம் கணக்கெடுக்க வந்தவரு ஒரு புத்தகத்துல காப்பி பண்ணி எழுதினதுதான் நமக்கு கிடைக்கும், 1911ல குடும்பத் தலைவர் அவரே பேனா புடிச்சு எழுதின பாரமே இருக்கு. எங்க வீட்டு நம்பர் போட்ட பாரம் ஸ்க்ரீன்ல வந்ததும் எனக்கு கை நடுங்கிடுச்சு. கோணல் மாணலான எழுத்து. புருஷன் தறி நெசவு, பொண்டாட்டி தறி நெசவு, மூத்த பொண்ணு 12 வயசு, தொழில்ங்கற எடத்துல அரை நேர மில் வேலை, அரை நேர பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கு. அப்ப சட்டமே அப்படித்தான், 12 வயசு ஆனா ஒரு வாரம் காலைல 6 மணிக்கு மில்லு, மத்தியானம் பள்ளிக்கூடம், அடுத்த வாரம் மாத்தி. மத்தியானம் பள்ளிக்கூடம் போற வாரம் புள்ளைங்க பெஞ்சுலயே தூங்கி விழுமாம், தூங்காம என்ன பண்ணும்.

அந்த பாரத்துல இன்னொரு கேள்வி உண்டு, கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு. கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோட பொறந்தது எத்தனை, இப்ப இருக்கறது எத்தனை, செத்தது எத்தனை. எங்க வீட்டு பாரத்துல பொறந்தது 8, இருக்கறது 5, செத்தது 3. ஆனா மனுஷன் நம்பர மட்டும் எழுதிட்டு விடல, உயிரோட இருக்கற அஞ்சு புள்ளைங்க பேருக்கு கீழ செத்துப்போன மூணு புள்ளைங்க பேரையும் எழுதிட்டாரு. அத ஆபீஸ்ல யாரோ செவப்பு மையில குறுக்கால அடிச்சிருக்காங்க. விதிப்படி அன்னிக்கு ராத்திரி வீட்டுல படுத்திருந்தவங்கள மட்டும்தான் எழுதணும், அதனால அடிச்சது சரிதான், ஆனாலும் எனக்கு அந்த செவப்பு கோடு மேல ரொம்ப நாள் கோவம் இருந்துச்சு. இது எங்க வீட்டு மனுஷன் மட்டும் பண்ணின தப்பு இல்ல, நாடு பூரா அந்த வருஷத்து பாரங்கள்ல இப்படி அடிச்ச பேருங்க நிறைய கிடக்கு.

அந்த மூணையும் தேடிக் கண்டுபிடிச்சேன். 1837 ஜூலை 1ல இருந்து இங்க பொறப்பு இறப்பு எல்லாம் அரசாங்க பதிவு, அதோட இன்டெக்ஸ்ல அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரு இருக்கும், அத வச்சு வடிகட்டினா ரெண்டு கணக்கெடுப்புக்கு நடுவுல பொறந்து போயிட்ட புள்ளைங்க கூட மேல வந்துடும். ஒண்ணு 4 நாள், ஒண்ணு 7 மாசம், ஒண்ணு ரெண்டு வயசு. மூணும் பொதுக் குழி, ஒரே குழிக்குள்ள சம்பந்தமில்லாத பல பேர், மேல ஒரு கல்லு கிடையாது. ஊரு கல்லறைத் தோட்டத்துல அந்த பக்கம் வெறும் புல்லா இருக்கும், நான் தினமும் அதுக்கு பக்கத்துலதான் பஸ் புடிப்பேன்.

பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட இதெல்லாம் சொன்னேன். 86 வயசு, எல்லாரையும் லவ்னுதான் கூப்பிடுவாங்க, நான் காலிங் பெல் அடிச்சாலும் லவ்தான் தபால்காரர் அடிச்சாலும் லவ்தான். 15 வயசுல மில்லுக்கு போனவங்க. தறி கூடத்துல சத்தம் காத கிழிக்கும், பக்கத்துல நிக்கிறவ கத்தினாலும் கேக்காது, அதனால எல்லாரும் உதட்டசைவ வச்சே பேசிக்குவாங்க, அதுக்கு மீமாயிங்னு பேரு. பாட்டி இப்பவும் முக்கியமான சங்கதி சொல்லணும்னா சத்தத்த நிறுத்திட்டு உதட்ட மட்டும் பெருசா அசைப்பாங்க, அதுலயும் பொம்பளைங்க வியாதி, யாரு வீட்டுக்காரன் எங்க போறான் மாதிரி விஷயம்னா கட்டாயம் அப்படித்தான். தறில குறுக்கால ஓடற நாடாவுல, அதான் ஷட்டில்ல, நூல் கோக்கறதுக்கு ஓட்டைல வாய வச்சு உறிஞ்சணும், ஷட்டிலுக்கு முத்தம் குடுக்கறதுன்னு சொல்லுவாங்க, ஒருத்தி உறிஞ்சின நாடாவ இன்னொருத்தி உறிஞ்சுவா, பல்லு போகும், வியாதியும் ஒட்டும். பாவுக்கு, அதாவது தறில நீளவாக்குல இருக்கற நூலுக்கு, கஞ்சி போடறப்ப எடை ஏறட்டும்னு சீனக் களிமண்ணையும் கலப்பாங்க, அது தூசியா பறந்து நெஞ்சுல இறங்கும். இவ்வளவு கஷ்டத்துலயும் ஒரு நல்லது, நெசவுல துண்டுக்கு இவ்வளவுன்னு கூலி, ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே ரேட்டு. அந்த காலத்துல அது சாதாரண விஷயம் இல்ல, இந்த ஊரு பொம்பளைங்க பேச்சுல இருக்கற தைரியம் அங்க இருந்துதான் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு. நான் வேலை பாக்கறது பிளாக்பர்ன்ல ஆஸ்பத்திரில, அந்த எடம் 1864ல திறந்த அநாதை ஏழைகள் விடுதி, வொர்க்ஹவுஸ்னு சொல்லுவாங்க. சோத்துக்கு வழியில்லாதவங்க அங்க போனா புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம் புள்ளைங்க ஒரு பக்கம். பாட்டிக்கு கால் உடைஞ்சப்ப ஆம்புலன்ஸ் வந்துருச்சு, அங்க மட்டும் வேண்டாம்னு அழுதாங்க, அவங்க அம்மா பயந்த பயம் இவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. அங்க பொறந்த புள்ளைக்கு பெருசானதும் அவமானமா இருக்கக் கூடாதுன்னு 1904ல இருந்து பொறப்பு சர்ட்டிபிகேட்ல விடுதின்னு எழுதாம ஏதோ ஒரு தெரு விலாசம் மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க. யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு இந்த யோசனை வந்திருக்கு பாருங்க, செவப்பு மை கோவம் எனக்கு இதுல கொஞ்சம் ஆறிடுச்சு.

எங்க வீட்டு மூத்த பொண்ணுக்கு வரேன். 1921 கணக்குல அவளுக்கு 22 வயசு, அப்பவும் அதே வீடு. அந்த வருஷம் நிலக்கரி சுரங்க தகராறுனால கணக்கெடுப்பையே ஏப்ரல்ல இருந்து ஜூன் 19க்கு தள்ளி வச்சாங்க. அந்த கணக்குல முதலாளி பேரும் எழுதணும், இவ மில் பேர எழுதி பக்கத்துல வேலை இல்லன்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் 1931. காந்தி வந்த வருஷம், நான் பாக்கணும்னு துடிச்ச வருஷம். ஆனா இங்கிலாந்தோட 1931 கணக்கு பூராவும் 1942 டிசம்பர்ல குடோன்ல தீ புடிச்சு சாம்பலாயிடுச்சு, ஒரு பக்கம் கூட மிஞ்சல. 1941ல போருனால எடுக்கவே இல்ல. நடுவுல 1939 செப்டம்பர் 29ல அடையாள அட்டை குடுக்கறதுக்காக ஒரு பதிவு எடுத்தாங்க, அதுல அவ வேற தெருவுல 40 வயசுல கல்யாணமாகி இருக்கா, தொழில் எடத்துல கூலியில்லாத வீட்டு வேலைன்னு போட்டிருக்கு. வீட்டுல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் அந்த பதிவுல இதேதான் எழுதினாங்க, கூலியில்லாதன்னு எழுதினதாவது உண்மையா இருக்கு.

1931ல இங்க நிலைமை என்னன்னா மில்லுங்க வரிசையா மூடிக்கிட்டு இருந்துச்சு. பகிஷ்கரிப்பு மட்டும் காரணம் இல்ல, அத நானும் சொல்லிடறேன், ஜப்பான் துணி மலிவா வந்துச்சு, நம்ம ஊரு மில்லுங்களே வளந்துடுச்சு, இறக்குமதி வரி ஏறுச்சு, உலகம் பூரா வியாபாரம் படுத்துடுச்சு. அந்த நேரம் லண்டன்ல வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்திய ஒரு மில் முதலாளி குடும்பமே நேர்ல வந்து எங்க ஜனங்க கஷ்டத்த பாருங்கன்னு கூப்பிட்டுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்பிரிங் வேல் ஸ்டேஷன்ல ரயில விட்டு இறங்கினாரு, இப்ப அந்த ஸ்டேஷனே இல்ல. அவரு வந்து பகிஷ்கரிப்ப விட்டுடறேன்னு சொல்லல. உங்க கஷ்டம் புரியுது, ஆனா உங்ககிட்ட வேலையில்லாதவங்க 30 லட்சம், எங்ககிட்ட 30 கோடி பேர் வருஷத்துல பாதி நாள் வேலையில்லாம இருக்காங்கங்கற மாதிரி மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. கேட்டுட்டுத்தான் கைய தூக்கி சத்தம் போட்டு வழியனுப்பினாங்க. அதுக்கப்புறம் ரெண்டே மாசத்துல, நவம்பர்ல, வேலையில்லாதவங்களுக்கு உதவி குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்கு என்ன வருமானம், என்ன சாமான் இருக்குன்னு பாக்க ஆள் வர ஆரம்பிச்சான். வீட்டுல ஒரு பொண்ணு சம்பாதிச்சா அப்பாவுக்கு பணம் வெட்டு. அந்த சிரிப்புக்கு பின்னாடி இது வந்து நின்னுச்சு.

1960கள்ல குஜராத், பாகிஸ்தான் பக்கம் இருந்து வந்தவங்க நைட் ஷிப்ட் பாத்து மிச்ச மில்லுங்கள கொஞ்ச நாள் ஓட்டினாங்க, அதுவும் முடிஞ்சுது. அது தனிக் கதை, எழுதணும்னா அவங்க வீட்டு புள்ளைங்க எழுதட்டும்.

உங்க மலர்ல இங்கிலாந்துன்னா அரண்மனை, ராணி கிரீடம், பிரபு வீட்டு தோட்டம், இதுதான் திரும்பத் திரும்ப வருது. இங்கயும் மலை மேல ஒரு கோபுரம் இருக்கு, பேரு விக்டோரியா ராணியோட 60 வருஷ ஆட்சி ஜூபிளி கோபுரம். ஆனா ஊருல யாரக் கேட்டாலும் ராணிய பத்தி பேச மாட்டாங்க, அந்த மலைப்பாதைய மூடி வச்ச நிலக்காரரோட மல்லுக்கட்டி 1896ல ஜனங்க நடக்கற உரிமைய வாங்கினதத்தான் சொல்லுவாங்க. 1879ல இந்த மில் ஊரு பசங்க ஈட்டன்ங்கற பணக்கார பள்ளிக்கூடத்து பழைய மாணவர் டீமோட புட்பால் கோப்பைக்கு மூணு மேட்ச் ஆட லண்டனுக்கு மூணு தடவை ரயிலேறினாங்க, ஊரே காசு போட்டு அனுப்புச்சு. முதல் ரெண்டும் டிரா, மூணாவதுல தோத்தாங்க. பாட்டி அத ஏதோ போன வாரம் நடந்த மாதிரி சொல்லுவாங்க, மூணாவது மேட்சுல பசங்களுக்கு பயணக் களைப்புன்னு இப்பவும் அவங்க கட்சி.

அந்த போட்டோவ பிரிண்ட் போட்டு நான் ஹால்ல மாட்டியிருக்கேன். பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொரு மூஞ்சியா பாத்திருக்கேன், 32 வயசு இருக்கும்னு தோணுற மூஞ்சி நாலஞ்சு இருக்கு. பாட்டி வந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள காட்டி இவதான் உங்க வீட்டுக்காரின்னு சொல்லுவாங்க. போன வாரம் இடது பக்கம் வாய் பெருசா திறந்திருக்கற ஒருத்திய காட்டினாங்க, இவ சத்தம் போடல லவ், உதட்ட அசைச்சு பக்கத்துல இருக்கறவகிட்ட ஏதோ சொல்றான்னாங்க. என்ன சொல்றான்னு கேட்டேன். மனுஷனுக்கு குளிராதான்னு கேக்கறான்னாங்க.

அடுத்த மலர்லயாவது படத்துக்கு கீழ டார்வென்னு போடுங்க ஐயா.

இப்படிக்கு,
டார்வென்ல இருந்து உங்க வாசகி