ரெடிமேட் ரம்ஜான் வாழ்த்து வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோன்பு தொடங்கிய வாரத்தில் உங்கள் நாளிதழின் இணைப்பில், அன்பானவர்களுக்கு அனுப்ப 50 ரம்ஜான் வாழ்த்துகள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. அப்படியே எடுத்து அனுப்பலாம், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று மேலே குறிப்பு வேறு. ஐம்பதையும் படித்தேன். மூன்றாவதில் அருள் மழை பொழிந்தது. பதினேழாவதிலும் பொழிந்தது. முப்பதைத் தாண்டியதும் பிறை, பூ, நிலா, ஒளி எல்லாம் இடம் மாறி இடம் மாறி வந்தன. பேப்பரை வீணாக்கவில்லை; காலர் பேட்டர்ன் வெட்டிக்கொண்டேன்.

நான் குன்னூர் மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜென்ட்ஸ் தையல் மட்டும். அப்பா காலத்துக் கடை. தீபாவளிக்கு இப்போது பாதிப் பேர் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் ரெடிமேட் வாங்கிவிடுகிறார்கள். இன்றைக்கும் எங்களை நிற்கவைத்திருப்பது ரம்ஜானும் கிறிஸ்துமஸும்தான். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனால் பிறை எப்போது தெரியும் என்ற கவலை நோன்பு வைத்தவர்களைவிட எனக்கு அதிகம். மாதம் 29-லும் முடியலாம், 30-லும் முடியலாம். 29-ஆம் நோன்பு அன்று மாலை பிறை தெரிந்துவிட்டால் எனக்கு ஒரு நாள் போச்சு. பட்டன் கட்டாத சட்டைகள் மேசை மேல் கிடக்க, தலைமை காஜி என்ன சொல்லப்போகிறார் என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டு கையும் காலும் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பெருநாள் துணியை மடித்துக் கவரில் போடும்போது சட்டைப் பாக்கெட்டில் ஒரு சின்ன அட்டை வைப்போம். அப்பா ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்: பெருநாள் வாழ்த்து, கீழே கடைப் பெயர். அவருக்குப் பிறகு நான் கையால் எழுத ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் அந்த அட்டையில் இடம் கிடையாது. அந்த நாலு வரி எழுதிப் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் பாக்கெட்டில் மாற்றி வைத்தால் உடனே தெரிந்துவிட வேண்டும். மாற்றி வைத்தும் தெரியவில்லையென்றால் அது கடை விளம்பரம்தான்.

எழுதியதில் ஒன்றைச் சொல்கிறேன், யார் என்று சொல்லமாட்டேன். பழைய வாடிக்கைக்காரர். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து எங்கள் கடைக்குக் கஞ்சி வரும், சில்வர் தூக்கில். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், மல்லி புதினா; கறி போடாத நாளில் எங்கள் மலைக் கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு எதுவும் கிடையாது. ஒரு வருஷம் நோன்புக்கு முன்பே அந்த வீட்டம்மா மவுத்தாகிவிட்டார். தூக்கு வராது என்றுதான் நினைத்தேன், வந்தது. பெருநாள் சட்டையில் இப்படி எழுதி வைத்தேன்: "பாய், இந்தப் பெருநாள் உங்களுக்கு லேசாக இருக்காது. கஞ்சி இந்த வருஷமும் வந்தது. மருமகள் கை என்றாலும் உப்பு அம்மா போட்ட அளவுதான். தொழுகை முடிந்து கடைப் பக்கம் வாங்க." அவ்வளவுதான். அந்த ஐம்பதில் ஒன்றை, மகிழ்ச்சி பொங்கட்டும் என்று தொடங்குகிற எதையாவது, அவருக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவரும் ஒரு கைகூப்புப் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். இப்போது ஊர் முழுக்க அதுதானே நடக்கிறது.

சின்னப் பையன்களுக்கு எழுதுவது இதைவிடச் சுலபம். முதல் நோன்பு வைத்த ஒருவனுக்கு எழுதினேன்: "தம்பி, அன்றைக்கு ஸ்கூல் விட்டு வரும்போது ஐஸ் வண்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நீ போனதை நான் கடையிலிருந்து பார்த்தேன். உன் சட்டையில் உள்பாக்கெட் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். பெருநாள் காசு போட்டுக்கொள். அண்ணனிடம் சொல்லாதே." அந்த அட்டையை அவன் இன்னும் வைத்திருப்பதாக அவன் அத்தா சொன்னார். பையன் இப்போது என்னைவிட உயரம்.

இன்னொருவர். ஒவ்வொரு நோன்புக்கும் பத்துப் பதினைந்து பையன்களுக்கான துணியையும் அளவுச் சீட்டையும் தருவார். தைத்து வைத்தால் யாரோ வந்து வாங்கிப் போவார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள், யார் காசு என்று நான் கேட்பதில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் மார்க்கத்தில் சொல்லியிருப்பதை அவர் ஒரு சொல்லும் பேசாமல் செய்கிறார். அவருடைய அட்டையில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன். "ஈத் முபாரக் பாய். பேன்ட் இடுப்பை அரை இஞ்ச் கூட்டியிருக்கிறேன், வீட்டில் சொல்லவேண்டாம்" என்பதோடு சரி. எதை விடுவது என்று தெரிவதும் வாழ்த்து எழுதுகிறவனுக்கு வேண்டும். உங்கள் பக்கத்தில் வள்ளலே, கொடையாளரே என்று ஒன்று இருந்ததே, அதை இவருக்கு அனுப்பினால் அடுத்த வருஷம் வேறு டெய்லரிடம் போய்விடுவார்.

ஆசிரியர் அவர்களே, இவற்றையெல்லாம் கலைநயம் பற்றிய குறையாக நீங்கள் எடுத்துக்கொண்டு விட்டுவிடக்கூடாது. அந்தப் பக்கத்தில் ஒரு வாழ்த்து "முப்பது நோன்பையும் முழுமையாக முடித்த உங்களுக்கு" என்று தொடங்கியது. முதலில், முப்பது என்று எப்படித் தெரியும்? 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12 அன்று கேரளத்திலும் நோன்பு தொடங்கியது, தமிழ்நாட்டிலும் தொடங்கியது. ஏப்ரல் 9 மாலை கேரளத்தில் பிறை தெரிந்தது, இங்கே தெரியவில்லை. அங்கே 29 நோன்பு, ஏப்ரல் 10 புதன்கிழமை பெருநாள். நமக்கு 30, வியாழக்கிழமை. எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளத்துப் பிறையைக் கணக்கில் எடுப்பவர்கள் நிறைய. ஆக ஒரே நீலகிரி மாவட்டத்தில், கூடலூரில் இருக்கும் என் சம்பந்தி முறைக்காரரின் பக்கத்து வீட்டில் பிரியாணி, குன்னூரில் என் பக்கத்துக் கடைக்காரர் இன்னும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். துபாயிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் அன்றைக்குப் புதன்கிழமைதான் பெருநாள். காலையில் எழுந்ததும் போனில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே படத்தை ஒரே தட்டில் அனுப்பினால் பாதிப் பேருக்கு நாள் தப்பும். நோன்பாளிக்குப் பெருநாள் வாழ்த்து போய்ச் சேரும். அவர் கோபப்படமாட்டார்; ஆனால் நாம் அவரை நினைத்து அனுப்பவில்லை என்பது தெரிந்துவிடும்.

அந்த வருஷம் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் வாழ்த்து வந்து குவிந்ததைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பத்திரிகையிலும் வந்தன.

அடுத்தது, முழுமையாக முடித்த என்ற சொல். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், டயாலிசிஸுக்குக் கோவை போய்வருகிறவர், கர்ப்பமான பெண், பால் கொடுக்கிற பெண், பயணத்தில் இருப்பவர் என்று நோன்பு வைக்க முடியாதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்குத் தந்திருக்கிறது. பிறகு வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். அறவே முடியாதவர்கள் ஏழைக்கு உணவு கொடுக்கலாம். மார்க்கம் விட்டுக்கொடுத்ததை நம் வாழ்த்து போய்க் குத்திக் காட்ட வேண்டுமா? மாதம் முழுக்க நோன்பு வைத்தே பழகிய மனுஷன், டாக்டர் கூடாது என்றதால் பகலில் ஒளிந்து மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது வேறு வாழ்த்து. "நோன்பா?" என்று பார்க்கிறவர்களையெல்லாம், அதிலும் பெண்களை, கேட்கிற பழக்கத்தையும் சேர்த்தே விட்டுவிடலாம்.

குர்ஆன் வசனம் அச்சிட்ட படங்களைப் பொருள் தெரியாமல் அனுப்புகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாங்கியவருக்கு அதை அழிக்க மனசு வராது. போன் நிறைந்துபோய்த் திணறும். ரம்ஜானுக்கு அனுப்பிய அதே படத்தைப் பக்ரீத்துக்கும், முஹர்ரத்துக்கும் அனுப்புகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. முஹர்ரம் பத்தாம் நாள் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள். அன்றைக்கு ஹேப்பி போட்டு ஒரு படம்!

அதற்காக எல்லாருக்கும் நாலு வரி எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அறிமுகமானவர்கள் இருக்கிறார்கள். பேங்க் மேனேஜர், பஸ் கண்டக்டர், காய்கறி மண்டிக்காரர். அவர்களுக்கு "ஈத் முபாரக் சார், குன்னூர் குளிர் பழகிவிட்டதா?" என்பதே தாராளம். தெரிந்த அளவுக்குத்தான் எழுத வேண்டும். நெருக்கம் இல்லாத இடத்தில் நெஞ்சார்ந்த, உளமார்ந்த என்று அடுக்கினால் தோள் பெரிதாகிக் கை தொங்குகிற சட்டை மாதிரி இருக்கும். தையல்காரனுக்கு வேறு உவமை வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என்று இரண்டு தடவை எழுதலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தொடக்கத்தில் எழுதுவதுதான் எனக்குப் பிடித்தது. பெருநாள் அன்று எல்லாரும் வாழ்த்துவார்கள்; முதல் நோன்பு அன்று யாரும் கேட்கமாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் லோடு இறக்குகிற மண்டித் தொழிலாளிக்கு அன்றைக்குச் சொல்லும் ஒரு வார்த்தைக்குத் தனி மதிப்பு. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் இந்த மலையில் எல்லாப் பருவத்திலும் நோன்பு வந்து போயிருக்கிறது. 1998, 1999-ல் டிசம்பரில் வந்தது. ஊட்டியில் உறைபனி கொட்டுகிற அதிகாலையில், சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து விளக்குப் போட்ட வீடுகள் மட்டும் மலைச்சரிவில் தெரியும். 2015, 2016-ல் பெருநாள் ஜூலைக்கு வந்தது. கூடலூர் மழையில் பிறையை எங்கே பார்ப்பது, போனில் வருகிற சேதிதான் பிறை. 2030-ல் ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பு என்று ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு முறை தொடங்கும். அப்போது தடித்த துணியாகத்தான் தைக்க வரும். என் கண் அதுவரை ஊசிக் காதைப் பார்க்கிறதா பார்க்கலாம். அந்தந்தப் பருவத்தின் குளிரையும் மழையையும் ஒரு வரியில் சேர்த்தாலே வாழ்த்து அந்த வருஷத்துடையதாகிவிடும். வாடிக்கைக்காரர்களில் மேட்டுப்பாளையத்துக்கும் கோவை கரும்புக்கடைக்கும் இறங்கிப்போனவர்கள் சிலருக்கு அஞ்சு ரூபாய் கவரில்தான் இன்னும் அனுப்புகிறேன். அவர்களுக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்: இங்கே இன்று பனி. கீழே வெயிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை, ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். நீங்கள் தினமும் போடுகிற நோன்பு திறக்கும் நேரம் சென்னைக் கணக்கு. நாங்கள் மேற்கே இருப்பதால் எங்களுக்குச் சூரியன் கிட்டத்தட்ட 14 நிமிடம் தாமதமாகத்தான் இறங்குகிறது. உள்ளூர் ஜமாஅத் அட்டவணை பள்ளிவாசலில் இருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அது போய்விடும். ஆனால் எஸ்டேட் லைன் வீடுகளில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளிகளுக்கும், கேரட் லோடு ஏற்ற வரும் வெளியூர் டிரைவர்களுக்கும் அது கிடைப்பதில்லை. சென்னையோடு நிறுத்தாமல் உதகை, குன்னூர், கூடலூருக்கும் நேரம் போடுங்கள். 29-ஆம் நோன்பு கழிந்த மறுநாள் காலையில், எந்தப் பகுதியில் என்றைக்குப் பெருநாள் என்பதையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால், வாழ்த்துகிறவர்களுக்கும் உதவும், என்னைப் போல் பட்டன் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி.