பனிக்குள் விழுந்த கட்டங்கள்

கோத்தகிரி
நவம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வியாழக்கிழமையே கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், மரம் விழுந்து லைன் போய்விட்டது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஐப்பசி மழை இங்கே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கும் தேயிலைச் சரிவில் ஐந்தாறு காட்டுமாடுகள் தினமும் சாயங்காலம் வந்து நிற்கின்றன. அவை நகரும்வரை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடிவதில்லை.

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுப்படிப் புகையில் இப்போதைக்கு நிற்க வேண்டாம். மருமகள் மதுரையிலேயே வேலைக்குச் சேர்ந்ததும் நல்லதுதான், உனக்குத் துணையாக இருக்கும்.

சரி, உன் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பணம் போட்டுப் புதுசு வாங்கியும் கல்யாண வீடியோவில் பழைய பெட்டியில் வந்த தரம் வரவில்லை, கடையில் கேட்டால் இதைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கார்டை மாற்றிவிடாதே. எனக்கும் மாசி மாதம் அப்படியே நடந்தது, நானும் ஒரு வாரம் தூங்கவில்லை.

இங்கே பக்கத்து ஹட்டி ஒன்றில், படுகர் ஊரில், கல்யாணம். காலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிட்டது. எல்லோரும் வெள்ளை உடை, பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கும் பின்னால் சோலையிலிருந்து மெல்ல இறங்கி வரும் மூடுபனி. இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் பார்க்கும்போது மனசு நிறைந்திருந்தது. பழைய பெட்டியில் மூன்று மணி நேரம் எடுக்கும் எக்ஸ்போர்ட், அதாவது படத்தைச் சுருக்கிக் கோப்பாக எழுதும் வேலை, புதுசில் 14 நிமிஷத்தில் முடிந்தபோது, வீட்டுக்குள் போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன்.

மறுநாள் அவர்கள் வீட்டு டிவியில் பென்டிரைவைப் போட்டோம். கல்யாண மாப்பிள்ளையின் பாட்டி டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பனி வந்த இடத்தில் கையை நீட்டித் திரையைத் தொட்டு, பேரனிடம் படுக மொழியில் ஏதோ கேட்டார். "பனிக்குள்ள ஏன் கோடு கோடா இருக்கு, நம்ம ஊர்ப் பனி இப்படி இருக்காதே என்கிறார்" என்று பேரன் எனக்குச் சொன்னான். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய பனி, தேயிலைக்கு வெட்டிய படி மாதிரி அடுக்கடுக்காக நின்றது. இலைகள் இருந்த இடம் பச்சைக் களி. ஆடுகிறவர்களின் கால் பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் துடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பாட்டி எழுபது எண்பது வருஷமாகத் தினம் பார்த்த பனி அது. அவரிடம் அதைத் தப்பாகக் காட்டிவிட்டேனே என்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முதலில் மானிட்டரைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் டிரைவரை, அப்புறம் கார்டை. டிரைவரை இரண்டு தடவை அழித்து ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் உருப்படியாக ஒரு சோதனை செய்தேன். நீயும் இன்றைக்கே அதைச் செய்.

முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்யாதே. 20 விநாடி மட்டும் வெட்டி எடு. அதில் ஒரு மங்கலான பின்னணி, நுணுக்கமான இலையோ ஜரிகையோ ஏதாவது ஒன்று, வேகமான அசைவு என்று மூன்றும் இருக்கட்டும். அதை முதலில் புரோரெஸ் 422 கோப்பாக, அதாவது அதிகம் நசுக்காத பெரிய கோப்பாக எடு. அதிலேயே பனி படிப்படியாக இருந்தால் கோளாறு கேமராவில் அல்லது கலர் செய்த இடத்தில். 8 பிட்டில் எடுத்ததில் ஒரு நிறத்துக்கு 256 படிதான் உண்டு. காண்ட்ராஸ்டை இழுத்துக் கூட்டினால் அந்தப் படிகள் விலகி வெளியே தெரியும். 10 பிட்டில் 1,024 படி இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. புரோரெஸில் பனி சுத்தமாக இருந்து நாம் வீட்டாருக்குக் கொடுக்கும் சுருக்கிய எச்.264 கோப்பில் மட்டும் கெட்டிருந்தால், கோளாறு என்கோடிங்கில், அதாவது சுருக்கும் இடத்தில்தான். என்னுடையது அப்படித்தான் இருந்தது. டைம்லைனில் நான் பார்த்த அதே பனி புரோரெஸில் அப்படியே இருந்தது.

அதற்கு அப்புறம்தான் எக்ஸ்போர்ட் பெட்டியை வரி வரியாகப் படித்தேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து என் பிரீசெட்டை, அதாவது சேமித்துவைத்த அமைப்பை, அப்படியே கொண்டுவந்திருந்தேன். 1080பி, 25 ஃபிரேம், பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்), இரண்டு சுற்று. பழையதில் ஹார்டுவேர் வசதி இல்லாததால் எல்லாம் பிராசஸரே கணக்குப் போடும் சாஃப்ட்வேர் என்கோடிங்கில் ஓடியது. புதுசில் கார்டு இருப்பதைப் பார்த்து மென்பொருள் தானாகவே, கார்டே சுருக்கிக் கொடுக்கும் ஹார்டுவேர் என்கோடிங்குக்கு மாறியிருக்கிறது. கூடவே இரண்டு சுற்று ஒரு சுற்றாகிவிட்டது. எண் மட்டும் அதே 8. நீயும் பழைய பிரீசெட்டைத்தான் ஏற்றியிருப்பாய் என்று நினைக்கிறேன், பார்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் உனக்குப் பயம் போய்விடும். எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. முந்தின ஃபிரேமில் இந்தக் கட்டம் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்து, மாறியதை மட்டும் எழுதிவைக்கிறது. எவ்வளவு தேடுகிறதோ அவ்வளவு குறைந்த இடத்தில் நல்ல படம் அடங்கும். கார்டில் இருக்கும் என்கோடர் தனியாகப் பதித்த ஒரு சின்னச் சுற்று. விளையாட்டைப் பதிவு செய்ய, நேரலை அனுப்ப என்று ஓடுகிற வேகத்திலேயே முடித்துக்கொடுக்கச் செய்தது. இன்டெல் 2011-லும் என்விடியா 2012-லும் இதைக் கொண்டுவந்தார்கள், அதன் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் அதற்குக் கொடுத்த நேரத்துக்குள்தான் தேடும். எச்.264 கோப்பை எழுதும் எக்ஸ்264 மாதிரியான சாஃப்ட்வேர் என்கோடருக்கு நீ நேரம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். ஸ்லோ என்ற அமைப்பில் 50 ஃபிரேம், அதாவது நம் 25 ஃபிரேம் கணக்கில் 2 விநாடி, முன்னால் பார்த்துவிட்டுத்தான் எதற்கு எவ்வளவு பிட் என்று பங்கு போடும்.

பந்தி போடுவதை நினைத்துக்கொள். இரண்டு சுற்று என்றால் முதல் சுற்றில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டு, இரண்டாவதில் அளந்து பரிமாறுவது. ஒரு சுற்றில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டும். நம் மலைக் காட்சியில் காற்றில் ஆடும் தேயிலை இலைகள்தான் முதல் பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகின்றன. ஆயிரக்கணக்கான சின்ன விளிம்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் அசைகிறது. பனிக்கு மிஞ்சுவது ரசம்தான். அதன் நுட்பமான வித்தியாசங்களை என்கோடர் சுழி என்று வெட்டிவிடும், பனி படியாக நிற்கும். உன் ஊரில் மண்டபத்துக்குள் எடுக்கும் படத்தில் இது இவ்வளவு தெரியாது. நீ அனுப்பிய கிளிப் மருமகளோடு போன மாசம் கொடைக்கானல் போய் எடுத்தது என்றாயே, அதனால்தான் அதில் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

பெரிய கார்டு ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? ஒரே தலைமுறைக்குள் விலை குறைந்ததிலும் கூடியதிலும் என்கோடர் பெரும்பாலும் ஒன்றுதான். விலை கூடிய சிலவற்றில் அதே என்கோடர் இரண்டு இருக்கும், அதனால் வேகம் கூடும். தரம் கூடாது. தலைமுறை மாறினால்தான் தரம் மாறும்.

இனி பிட்ரேட்டுக்கு வருவோம். நாம் 8-ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? 8 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி வரும். பழைய டிவிகளுக்கு ஃபேட்32 பென்டிரைவ்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதற்காக நாம் வைத்த எண் அது. இப்போது நான் படத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்து 16 எம்பிபிஎஸ்ஸில் கொடுக்கிறேன். ஒவ்வொரு பாகமும் அதே 3.6 ஜிபிதான், எந்த டிவியிலும் ஓடுகிறது. முகூர்த்தத்தோடு முதல் பாகம் முடிகிற மாதிரி வெட்டினால் யாரும் குறை சொல்வதில்லை. ஹார்டுவேரில் 16 கொடுத்தாலே கால் பக்கக் கட்டங்கள் காணாமல் போய்விட்டன. பனியில் மட்டும் அந்தப் படிகள் லேசாக நின்றன. அமைப்புகளில் பி ஃபிரேம், லுக்அஹெட், அடாப்டிவ் குவான்டைசேஷன் என்று இருந்தால் மூன்றையும் போட்டுவிடு. கடைசியாகச் சொன்னது பனி மாதிரி சமதளமான இடங்களுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். அதைப் போட்டதும் எனக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது.

வீட்டாருக்குக் கொடுக்கும் கடைசிப் பிரதியை இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முதலில் புரோரெஸில் மாஸ்டர். மணிக்கு 55 ஜிபி போல ஆகும், அதற்கென்று ஒரு ஹார்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். அதை இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் போட்டு, எக்ஸ்264, ஸ்லோ, ஆர்எஃப் 18 என்று வைத்து ராத்திரி ஓடவிடுகிறேன். ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். பென்டிரைவில் அடங்காவிட்டால் அங்கேயே சராசரி பிட்ரேட் 16, இரண்டு சுற்று என்று மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, சாஃப்ட்வேரில் 18 என்று வைத்த எண்ணை ஹார்டுவேர் என்கோடரிலும் 18 என்று வைக்காதே. இரண்டும் வேறு வேறு அளவுகோல், எண்ணை ஒப்பிடவே முடியாது. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே ராத்திரி கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடும் என்பதால் படத்தைப் பாகம் பாகமாக வரிசையில் போட்டுவைக்கிறேன். முடிந்தது முடிந்தபடி இருக்கும். வீட்டார் திருத்தம் சொல்லப் பார்க்கும் பிரதிக்கு மட்டும் ஹார்டுவேர்தான். அதற்கு அந்த 14 நிமிஷம் பெரிய வரம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யூடியூபுக்கு ஏற்றுவதாக இருந்தால், அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்குவார்கள். 1080பி-க்கு அவர்களே சொல்லும் 8 எம்பிபிஎஸ்ஸோடு நிற்காமல் 20, 25 வரை தாராளமாகக் கொடு. சுருங்கியதை மேலும் சுருக்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குன்னூரில் அந்த மாடி ஸ்டுடியோவில் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்த காலத்தில், மூன்றாவது பிரதியில் பொண்ணின் முகம் கரைந்து போகிறது என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாய். முதலாளி திட்டியும் கேட்காமல், ஒவ்வொரு பிரதியையும் மாஸ்டரிலிருந்தே எடுக்க ஆரம்பித்தாய். ஹேண்ட்பிரேக்கில் மாஸ்டரைப் போடும்போதெல்லாம் அந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வருகின்றன.

அப்புறம், நீ அனுப்பிய கிளிப்பை வைத்து என்னால் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியிருக்கிறாய், அது இன்னொரு தடவை நசுக்கிவிட்டது. 20 விநாடித் துண்டை ஹார்டுவேர் 8, ஹார்டுவேர் 16, சாஃப்ட்வேர் 8 இரண்டு சுற்று என்று மூன்றாக எடுத்து, டாக்குமென்ட்டாக அனுப்பு. மூன்றிலும் ஒரே ஃபிரேமை நிறுத்திப் பார்க்கிறேன். எக்ஸ்போர்ட் பெட்டியையும் ஒரு படம் பிடித்து அனுப்பு.

அந்தப் பாட்டி வீட்டுக்குப் புதுப் பிரதி கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அதே ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். பனி வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டத்தில் தன் தங்கை எங்கே என்று மட்டும் பேரனிடம் கேட்டார், அவன் காட்டினான்.

மார்கழி விடுமுறைக்குத் தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. கண்ணுக்குக் குளிர்காற்று ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். உன் மாஸ்டர் கோப்பையும் எடுத்து வா, இங்கே என் டிவியில் போட்டுப் பார்த்துவிடலாம்.

உன் அன்பு மச்சான்