ராணுவ மெக்கானிக்குக்கு வாட்ச்மேன் வேலை வேண்டாம், பயிற்சி கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: முன்னாள் ஹவில்தார் (வாகன மெக்கானிக்), ஏரிக்கரைத் தெரு.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: முன்னாள் படைவீரர்களுக்குத் தொழிற்பயிற்சி, ராணுவ ட்ரேட் (தொழில்) சான்றுக்கு ஏற்பு கோருதல் தொடர்பாக.
பார்வை: திங்கட்கிழமை குறைதீர் நாளில் நான் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

போன மழையில் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது ராத்திரி தாங்களே வந்து நின்றீர்கள். எங்கள் தெருவைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று மணல் மூட்டை அடுக்கியவர்களில் ஐந்து பேர் பட்டாளத்துக்காரர்கள். ஐந்து பேருக்கும் இப்போது ஒரே வேலை, செக்யூரிட்டி.

1. நான் 1998-ல் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முன் தரும் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போக முடியவில்லை. 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு எங்கள் யூனிட் லடாக்கிலேயே இருந்தது. சரி, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

2. மாநில அரசின் சி பிரிவு வேலைகளில் எங்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் மெக்கானிக் வேலைக்குப் போனால் முதல் கேள்வியே "ஐ.டி.ஐ. சான்று இருக்கா?" என்பதுதான். ராணுவ ட்ரேட் சான்றை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குச் சமம்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் எழுத்தர். எங்கே வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. எந்த ராணுவ ட்ரேட் எந்த சிவில் ட்ரேடுக்குச் சமம் என்று டெல்லி மறுவாழ்வு இயக்குநரகம் புத்தகமே போட்டிருக்கிறது, ஐயா. பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

லடாக்கில் மைனஸ் 20-ல் சாதா டீசல் மெழுகாகக் கட்டிவிடும். ஸ்பேனரை வெறும் கையால் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் இன்றும் உணர்ச்சி இல்லை. அந்த விரலால்தான் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் 12 மணி நேரம் வண்டி நம்பர் எழுதுகிறேன். போன மாதம் ஒரு கார் கேட்டிலேயே நின்றுவிட்டது. ஓனர் இறங்கி என்னிடம் கேட்டார்: "வாட்ச்மேன், பக்கத்துல மெக்கானிக் யாராவது இருக்காங்களா?"

3. முன்னாள் படைவீரர்களுக்குக் கணினி வகுப்பு நடத்தினார்களே என்பார்கள். நடத்தினார்கள், நகரத்தில், காலை 10 மணிக்கு. நைட் டூட்டி முடிய 8 மணி. எட்டரை பஸ்ஸை விட்டால் எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு அடுத்த பஸ் 11 மணிக்கு என்பது தங்களுக்குத் தெரியாததா?

4. முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியின் சென்சார், ஸ்கேனர் எதையும் நான் தொட்டதில்லை. அதைக் கற்காமல் கடன் வாங்கி ஒர்க்ஷாப் வைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

5. பென்ஷன் வருகிறதே என்கிறார்கள். வெளியே வரும்போது எனக்கு 43 வயது, ஐயா.

6. முந்தைய இரண்டு மனுக்களுக்கும் போனில் வந்த செய்தி, "தீர்வு காணப்பட்டது". என்ன தீர்வு? யார் கண்டது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தாலுகா ஐ.டி.ஐ. ஷெட் மாலை 5 மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே மூன்று மாதம், மாலை நேரத்தில், புது வண்டிப் பழுது பார்க்கும் பயிற்சி தர ஏற்பாடு செய்யுங்கள். ராணுவ ட்ரேட் சான்றை ஏற்கும்படி தங்கள் கையெழுத்தில் ஒரு பரிந்துரை கொடுங்கள். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், இந்த மனுவுக்கு விடையாக செக்யூரிட்டி வேலைக்குச் சீட்டு எழுதித் தர வேண்டாம்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் புக் நகல், ட்ரேட் சான்று நகல், முந்தைய மனு ரசீதுகள் இரண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)