ஏர் ஆம்புலன்ஸாகப் பறக்கும் சிறு விமானங்களின் பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்,
சென்னை.

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்,
புது தில்லி.

பொருள்: நோயாளிகளை ஏற்றிச் செல்லும் சிறு விமானங்களில், பறப்பதா வேண்டாமா என்ற முடிவை நோயாளியின் நிலையிலிருந்து பிரித்து வைக்கவும், பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளின் ஐ.சி.யூ.வில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். அதில் சில ஆண்டுகள் ஏர் ஆம்புலன்ஸிலும் நோயாளிகளோடு பறந்திருக்கிறேன். இந்த மனுவின் ஆங்கில நகலையும் இணைத்துள்ளேன். ஆனால் சொல்ல வந்ததை என் மொழியில் எழுதினால்தான் சரியாக வரும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

2011 மே 25 அன்று இரவு, பாட்னாவிலிருந்து டெல்லிக்கு ஓர் இளைஞரை ஏற்றிவந்த பிலாட்டஸ் பி.சி.12 விமானம், ஹரியானாவின் ஃபரீதாபாதில் பர்வதீயா காலனி வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். நோயாளி, அவருடைய உறவினர், விமானிகள், மருத்துவக் குழு, ஒருவரும் மிஞ்சவில்லை. தரையில், தங்கள் வீட்டில் இருந்த 3 பெண்களும் இறந்தார்கள். டெல்லியை நெருங்கிவிட்ட நேரம் அது. வானிலை மோசமாக இருந்தது. விசாரணை அறிக்கை ஒரே காரணத்தைச் சுட்டவில்லை. வானிலையின் தாக்கம், கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தவறாகக் கையாண்டது, இருளில் விமானிக்கு மேல் கீழ் தெரியாமல் உணர்வு தடுமாறியது, இவற்றில் ஏதோ ஒன்று அல்லது மூன்றும் சேர்ந்தது காரணமாக இருக்கலாம் என்றது.

அந்த 'அல்லது' என்ற சொல்லைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த விமானத்தில் கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுக் கருவி இல்லை. அவ்வளவு சிறிய விமானத்துக்கு அது அப்போது கட்டாயமாகவும் இருக்கவில்லை. கடைசி நிமிடங்களில் விமானிகள் என்ன பேசிக்கொண்டார்கள், எந்தக் கருவி என்ன காட்டியது என்பதெல்லாம் அவர்களோடு போய்விட்டது. பத்துப் பேர் இறந்தும், அடுத்த விமானி அதிலிருந்து கற்றுக்கொள்ளத் தெளிவான பாடம் ஒன்றுகூட நம் கையில் இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாள் குறைவு. 2016 மே 24 அன்று அதே பாட்னா–டெல்லி வழியில் இன்னொரு ஏர் ஆம்புலன்ஸ், பீச்கிராஃப்ட் கிங் ஏர் சி90, இரண்டு எஞ்சின்களும் நின்றுபோய் நஜஃப்கட் அருகே வயலில் இறங்கியது. 7 பேரும் உயிர் பிழைத்தார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நாக்பூரில் கிளம்பும்போதே சக்கரம் கழன்று விழுந்த ஓர் ஏர் ஆம்புலன்ஸை, மும்பையில் நுரை தெளித்த ஓடுபாதையில் வயிறு உராய இறக்கினார் விமானி. நோயாளி உட்பட எல்லோரும் தப்பினார்கள். விமானிகளின் திறமையைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை மட்டுமே நம்பி இருக்கலாகாது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் கோரிக்கை வைக்க எனக்குத் தகுதியில்லை.

2009இல் ஒரு மாலை, கடலோர நகரம் ஒன்றிலிருந்து வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெண்ணைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். வயது முப்பதுகூட இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு நுரையீரல் கெட்டுவிட்டது. விமானம் தயாராக நின்றது. வழியில் இடிமேகங்கள் திரண்டிருப்பதாகவும், இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் போகலாம் என்றும் விமானி சொன்னார். எங்கள் கையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் அவ்வளவு நேரம் தாங்குமா என்ற பயம் எனக்கு. பெண்ணின் அம்மா விமானியின் காலில் விழப் போனார். சென்னை மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன் வந்தது. நானும் கெஞ்சினேன். "சார், இந்தப் பொண்ணு ராத்திரி தாங்காது சார்" என்று நான்தான் சொன்னேன். அவர் ஸ்ட்ரெச்சரை ஒருமுறை பார்த்தார். கொஞ்ச நேரம் தனியே போய் நின்றார். பிறகு கிளம்பலாம் என்றார்.

மேலே போன அரை மணியில் விமானம் தூக்கிப் போட்டது. மானிட்டர் கொக்கியிலிருந்து கழன்று என் தோளில் விழுந்தது. எனக்கு இடுப்பில் மட்டும்தான் பெல்ட். அதையும் கழற்றிவிட்டு, டியூப் வெளியே வந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி முழங்காலில் நின்றேன். முன்னால் விமானிகள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னையில் இறங்கியதும் அந்த விமானி கதவைத் திறந்துவிட்டு, யாரிடமும் பேசாமல், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அதனால் அன்று நான் செய்தது சரி என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபரீதாபாத் செய்தியைப் படித்த நாளில்தான் உறைத்தது. ஒரு விமானியை வானிலையைப் பார்க்க விடாமல், நோயாளியைப் பார்க்க வைத்தவள் நான்.

சட்டப்படி கடைசி வார்த்தை விமானியுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அழுகிற தாயின் எதிரில் நிற்கும் மனிதருக்கு அந்த அதிகாரத்தால் என்ன பயன்? இந்தச் சுமையை வேறு நாடுகள் கவனித்திருக்கின்றன. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006இல் ஒரு சிறப்பு அறிக்கை தந்தது. 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை நடந்த 55 மருத்துவப் பறப்பு விபத்துகளை அது ஆராய்ந்தது; அவற்றில் 54 பேர் இறந்திருந்தார்கள். அவற்றுள் பாதிக்கு மேல் நோயாளி விமானத்தில் இல்லாத நேரத்தில், அழைத்துவரப் போகும்போதோ விட்டுவிட்டுத் திரும்பும்போதோ நடந்தவை. பறப்பதற்கு முன் ஆபத்தை எழுத்தில் கணித்தாக வேண்டும் என்று அந்த வாரியம் பரிந்துரைத்தது. 2014இல் அதை விதியாகவும் ஆக்கினார்கள், ஆனால் ஹெலிகாப்டர்களுக்கு மட்டும். சிறு விமானங்கள் அந்த விதிக்கு வெளியே நின்றன.

அதன் விலை 2023 பிப்ரவரி 24 இரவு நெவாடாவில் தெரிந்தது. ரீனோவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு நோயாளியைக் கொண்டுபோன விமானம் நடுவானில் சிதறி, 5 பேரும் இறந்தார்கள். அதுவும் பி.சி.12, ஃபரீதாபாதில் விழுந்த அதே ரகம். அதே இருட்டு, அதே மோசமான வானிலை. விமானியின் உணர்வு தடுமாறியதே காரணம் என்று முடிவுசெய்த விசாரணையாளர்கள், நிறுவனத்தின் ஆபத்துக் கணிப்பு முறை போதுமானதாக இல்லை என்பதையும் சேர்த்து எழுதினார்கள். அடிவானம் கண்ணுக்குத் தெரியாத இருட்டில் உட்காது மூளைக்குப் பொய் சொல்லும். சாய்ந்து திரும்பும் விமானம் நேராகப் போவதுபோலவே தோன்றும். எவ்வளவு அனுபவசாலிக்கும் இது நேரக்கூடியது. அப்படிப்பட்ட வானிலைக்குள் போகாமல் இருப்பதுதான் நிச்சயமான காப்பு. போகலாமா என்ற அந்த முடிவைத்தான் நாம் கண்ணீருக்கு நடுவே எடுக்க வைக்கிறோம்.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இது. ஏர் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தவுடன், நோயாளியின் வயதோ நோயோ விமானியிடம் சொல்லப்படக் கூடாது. புறப்படும் இடம், சேரும் இடம், எடை, நேரம் மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். வானிலையையும், விமானத்தின் நிலையையும், தான் எவ்வளவு தூங்கினோம் என்பதையும் பார்த்து அவர் முடிவெடுக்கட்டும். ஆபத்துக் கணிப்பு ஓர் அளவுக்கு மேல் போனால், விமான நிலையத்தில் இல்லாத, அந்தப் பறப்பின் வருமானத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு மூத்த விமானியின் ஒப்புதலும் வேண்டும். "இன்று முடியாது" என்று விமானி சொன்ன பிறகு மருத்துவமனையோ, உறவினரோ, என்னைப் போன்ற செவிலியரோ அவரிடம் நேரடியாகப் பேச வழி இருக்கக் கூடாது. நோயாளி ஏறாத பயணங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். இதனால் சில நோயாளிகள் தாமதமாக வந்து சேரலாம். அதன் வலி ஐ.சி.யூ.வில் நின்ற எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறேன்.

அடுத்தது பதிவுக் கருவி. எடை குறைந்த விமானங்களுக்கென்றே கையடக்கப் பதிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. நோயாளியை ஏற்றும் எந்த விமானத்துக்கும், அதன் எடை எதுவானாலும், அது இருந்தாக வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். 2025 ஜனவரி 31 அன்று ஃபிலடெல்ஃபியாவில், சிகிச்சை முடிந்து மெக்சிகோவுக்குத் திரும்பிய ஒரு சிறுமியை ஏற்றிய லியர்ஜெட் 55, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரும் இறந்தார்கள், தரையிலும் உயிர்கள் போயின. அதன் குரல் பதிவுக் கருவியை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக் கேட்டால், அது பல ஆண்டுகளாகப் பதிவே செய்யவில்லை. ஆண்டுச் சோதனையின்போது பதிவைப் போட்டுக் கேட்டுச் சான்று தர வேண்டும் என்ற ஒரு வரியை விதியில் சேர்த்தால் போதும்.

எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்களின் இருக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2005 மார்ச் 15 நள்ளிரவில், குடல்வால் வீக்கம் இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட 10 வயதுச் சிறுவனை அழைத்துவர, கிளாஸ்கோவிலிருந்து ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனுக்குப் போன ஐலண்டர் விமானம் கடலில் விழுந்தது. தனியாக ஓட்டிய விமானியும் துணை மருத்துவரும் இறந்தனர். விமானியின் களைப்பு, வேலைப் பளு, அண்மையில் போதிய அளவு பறக்காதது ஆகியவற்றைச் சொன்ன அறிக்கை, துணை மருத்துவரின் இருக்கையில் தோள்பட்டைப் பெல்ட் இல்லாததையும் குறிப்பிட்டது. நான் முழங்காலில் நின்ற அந்த இரவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே நேர்ந்த விபத்தின் பாடம் அது. தோள்பட்டைப் பெல்ட்டும், உட்கார்ந்த நிலையிலேயே நோயாளியின் டியூபைத் தொடக்கூடிய அமைப்பும் இல்லாத விமானத்துக்கு ஏர் ஆம்புலன்ஸ் அனுமதி தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடும்பத்தினர் பல லட்சம் கட்டுகிறார்கள். நகையை விற்று, நிலத்தை அடமானம் வைத்துக் கட்டுபவர்களை அறிவேன். வருவது எந்த விமானம், எத்தனை எஞ்சின், எத்தனை விமானிகள், வானிலை ரேடார் உண்டா என்று ஒருவரும் அவர்களிடம் சொல்வதில்லை. கேட்கவும் அவர்களுக்குத் தெரியாது. பணம் வாங்கும் முன் இந்த விவரங்களை அவர்களுடைய மொழியில், ஒரே தாளில் எழுதித் தர நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். வானிலையால் பயணம் ரத்தானால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று அதே தாளில் இருந்தால், விமானியை நெருக்கும் கைகளில் ஒன்றாவது விலகும்.

ஏர் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்தமானிலிருந்தும் வடகிழக்கு மலைகளிலிருந்தும் வரும் நோயாளிக்கு அதுதான் கடைசி வழி. அந்தப் பெண்ணின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து, விதித் திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்படும்போது, மருத்துவமனைகளின் பறப்புச் செவிலியர்களையும் அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் வந்து சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற செவிலியர்

இடம்: சென்னை
இணைப்பு: ஆங்கில நகல்